குழாயின் ஓசையைக் கேட்கும் கண்ணாடியிழை: கோலார் தங்கவயல் தரும் பாடம்

நிலத்தடியில் செல்லும் எரிவாயு, எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க, கண்ணாடியிழை கேபிளையும் இயந்திரக் கற்றலையும் இணைக்கும் தொழில்நுட்பம் உலகெங்கும் பரவி வருகிறது. நிலத்தின் அதிர்வைக் கேட்டு ஆபத்தை அறியும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதல்ல. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது.

அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிக ஆழம் கொண்டது. அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறைகள் திடீரெனச் சிதறுவது, பெரும்பாலும் தமிழர்களான தொழிலாளர்களின் உயிரைப் பறித்தது. இதனால் 1970-களின் இறுதியில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையுடன் அதிர்வு உணர்கருவிகள் நிறுவப்பட்டன. 1988-இல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனமும் அங்கு உருவானது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன.

பாறை எங்கே சிதறியது என்பதைக் கருவிகள் காட்டின. அடுத்தது எப்போது என்பதை உறுதியாகச் சொல்ல அவற்றால் இயலவில்லை. கேட்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் உள்ள இந்த இடைவெளியே குழாய்க் கண்காணிப்பிலும் சவாலாக உள்ளது.

குழாயை ஒட்டிப் புதைக்கப்படும் இழையில் லேசர் ஒளித்துடிப்புகள் செலுத்தப்படுகின்றன. அருகில் மண் தோண்டப்பட்டாலோ வாயு கசிந்தாலோ இழை நுண்ணிய அளவில் அதிர்கிறது. திரும்பிவரும் ஒளியின் மாற்றத்தைக் கொண்டு, அதிர்வு எழுந்த இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் அறியலாம். ஒரே கருவி பல பத்து கி.மீ. நீளத்தைக் கண்காணிக்கும். டிராக்டர் ஓட்டமா, திருட்டுத் தோண்டலா என்று பிரித்தறிவது இயந்திரக் கற்றலின் பணி. பொய் எச்சரிக்கைகள் மிகுந்தால், பணியாளர்கள் உண்மையான எச்சரிக்கையையும் புறக்கணிக்கும் அபாயம் உண்டு. சிறு கசிவின் மெல்லிய ஒலி, சாலை இரைச்சலில் மறைந்துவிடவும் கூடும்.

நாட்டில் இயங்கும் எரிவாயுக் குழாய்களின் நீளம் 24,000 கி.மீ.க்கும் அதிகம். 2014 ஜூன் 27-இல் ஆந்திரத்தின் நகரம் கிராமத்தில் கெயில் நிறுவனக் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வாயு நாற்றம் குறித்து முன்பே புகார் அளித்திருந்ததாகக் கிராம மக்கள் அப்போது கூறினர்.

எச்சரிக்கை கிடைப்பது மட்டும் உயிரைக் காக்காது. அது கிடைத்ததும் வால்வை மூடும் அதிகாரம் யாருக்கு, குழாயோரக் குடியிருப்புகளுக்குத் தகவல் எத்தனை நிமிடங்களில் சென்றடையும் என்பவை முன்கூட்டியே வரையறுக்கப்பட வேண்டும். உள்ளூர் மக்களின் புகாரும் கருவியின் எச்சரிக்கைக்கு நிகராகப் பதிவு செய்யப்பட வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், புதிய தொழில்நுட்பம் விபத்தைத் தடுக்காமல், அது நடந்த இடத்தைக் குறித்து வைப்பதோடு நின்றுவிடும்.