வீட்டுத் திரைக்கு எந்த வழி?



கேபிள், டிஷ், இணையம் என மூன்று வழிகளில் இன்று தொலைக்காட்சி நம் இல்லங்களுக்குள் வருகிறது. மூன்றுக்கும் பணம் கட்டிவிட்டு ஒன்றை மட்டுமே பார்க்கும் குடும்பங்களும் உண்டு. எனவே, எது சிறந்தது என்று விசாரிக்குமுன், வீட்டார் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

செய்தியும் தமிழ் அலைவரிசைகளும் போதும் என்போருக்குக் கேபிள் எளிது. பழுதென்றால் உள்ளூர் ஆபரேட்டரை அழைக்கலாம். கட்டண அலைவரிசைகளைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் உரிமை, 2019 முதல் கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் பொதுவாக உள்ளது. கொடுக்கும் தொகுப்பைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

கேபிள் எட்டாத ஊர்களுக்கு டிஷ் உகந்தது. பெருமழையில் படம் மறைவது அதன் குறை. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தாவே இல்லை. ஆனால் அதில் தமிழ் அலைவரிசைகள் குறைவு.

இணையவழித் தளங்களுக்குச் சந்தா மட்டுமே செலவன்று. எச்.டி. படம் மணிக்கு 3 ஜிபி வரை டேட்டாவை விழுங்கும். ஆகவே பிராட்பேண்ட் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதும் உண்டு. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தெரிவிக்க வேண்டும் என்பது 2021 முதல் நடைமுறை. அச்செய்தியைப் படிக்காமல் விடாதீர்கள். பெரியவர்களின் பக்கத்திற்கு ரகசிய எண் இட்டு, பிள்ளைகளுக்குத் தனிப்பக்கம் அமையுங்கள்.

பார்க்காத ஒன்றுக்கு மாதம் 200 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 2,400 ரூபாய். அத்தொகை பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களுக்கு உதவுமே! குறித்து வைத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, குடும்பத்தார் அனைவரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.