கன்று ஈன்ற மாட்டுக்கு கார்னிடின் டானிக் கொடுக்கலாமா?

கலப்பினப் பசு கன்று ஈன்று இரண்டு வாரம் ஆகிறது. பால் பாதியாகக் குறைந்துவிட்டது. அடர்தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. வைக்கோலை மட்டும் கொறிக்கிறது. மருந்துக் கடையில் 'கல்லீரலுக்கு நல்லது' என்று எல்-கார்னிடின் கலந்த டானிக்கைக் கொடுக்கிறார்கள். வாங்கலாமா என்று திருவண்ணாமலை மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

டானிக் இருக்கட்டும், முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வாசகர் எழுதியிருப்பவை கீட்டோசிஸ் நோயில் காணும் அறிகுறிகள். மூச்சிலோ பாலிலோ ஒருவித இனிப்பு வாடை அடித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

உடம்பிலுள்ள கொழுப்பு எரிந்து சக்தியாக வேண்டுமானால், அது உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போயாக வேண்டும். நீண்ட சங்கிலி கொண்ட கொழுப்பு அமிலங்களால் தாமாக உள்ளே நுழைய முடியாது. அவற்றை ஏற்றிச் செல்லும் வண்டிதான் கார்னிடின். மாடானாலும் மனிதரானாலும், லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களிலிருந்து உடம்பு இதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மாவில் விழும் ஒரு வகை வண்டின் புழுவுக்கு அப்படித் தயாரிக்கத் தெரியாது. அந்தப் புழுவை வைத்துத்தான் ஒரு காலத்தில் இதற்கு 'வைட்டமின் பி.டி.' என்று பெயரே வைத்தார்கள்.

கன்று ஈன்ற மாடு, தின்பதைவிட அதிக சக்தியைப் பாலில் இறக்குகிறது. பற்றாததற்கு உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் வந்து குவிகிறது. ரத்தத்திலோ சர்க்கரை குறைவு. அதனால் கொழுப்பு முழுதாக எரியாமல் கீட்டோன்களாகத் தேங்குகிறது. இது பெரும்பாலும் வண்டி பற்றாத கோளாறு அல்ல, சுமை மிஞ்சிப்போன கோளாறு. மேலும், வாய்வழி ஊற்றும் சாதாரண கார்னிடினை அசைபோடும் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே சிதைத்துவிடும். சிதையாதபடி பூச்சு செய்த கார்னிடினைக் கொடுத்து, கல்லீரல் கொழுப்பு குறைந்ததாகக் கண்ட ஆய்வுகள் உண்டு. ஆனால் அதைக் கன்று ஈனும் முன்பிருந்தே கொடுத்து வந்தார்கள். படுத்த மாட்டை எழுப்பும் மருந்தல்ல அது.

மருத்துவர் வந்தால் குளுக்கோஸை ரத்தக்குழாயில் ஏற்றுவார். புரோப்பிலீன் கிளைக்காலை வாய்வழி கொடுக்கச் சொல்லலாம். வெல்லத்தைக் கரைத்து ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அதுவும் பெரும்பாலும் வயிற்று நுண்ணுயிர்களுக்குத்தான் போகும். ரத்தச் சர்க்கரை ஏறாது. மருத்துவமனை தூரமென்றால் 1962 எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

அடுத்த ஈற்றுக்கு இப்போதே கவனம் வேண்டும். வற்றுக்காலத்தில் மாட்டைக் கொழுக்க விடக் கூடாது. கொழுத்த மாட்டுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. ஈனுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்து அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்க வேண்டும். ஈன்ற பிறகு உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோவும், கறக்கும் ஒவ்வொரு 2.5 முதல் 3 லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதமும் அடர்தீவனம் கொடுக்க வேண்டும். அதை ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துக் கொடுத்தால் மாடு மிச்சம் வைக்காது.