மேற்கோள் எண்ணிக்கை மருத்துவ ஆய்வின் அளவுகோல் ஆகாது

புதுக்கோட்டை மாவட்டத்தின் அரிமளம் வட்டாரத்தில் ஒருவருக்கு இன்று காசநோய் உறுதியானால், அவர் ஊரையும் பிழைப்பையும் விட்டு ஏதோ ஒரு சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக்கிடக்க வேண்டியதில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியே மாத்திரைகளைப் பெற்று, வீட்டிலிருந்தபடியே சிகிச்சையை முடிக்க முடிகிறது. இந்த ஏற்பாட்டுக்கு வலுவான அறிவியல் சான்றைத் தந்த ஆய்வு சென்னையில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. நெருக்கடியான குடியிருப்பு, போதாத உணவு ஆகியவற்றுக்கு நடுவிலும் வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தரும் என்பது அதில் தெரியவந்தது. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே தன் வழியாகக் கொண்டது.

1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த அந்த அறிக்கைக்கு ஆசிரியராக எந்தத் தனிமனிதரின் பெயரும் முன்னிறுத்தப்படவில்லை. மையத்தின் பெயரே ஆசிரியர் பெயராக நின்றது. வீடு வீடாகச் சென்று மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் நோயாளிகள் மருந்து உட்கொள்வதை உறுதிசெய்த பணியாளர்களின் உழைப்பு அந்தப் பொதுப்பெயருக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு மருத்துவ ஆய்வாளரை அவருடைய கட்டுரை எண்ணிக்கையாலும் மேற்கோள்களாலும் எடைபோடும் இன்றைய தேர்வுக் குழுவின் முன் இவர்களில் ஒருவர் வந்து நின்றால், அவருடைய கணக்கில் இந்தப் பணி ஏறாமலே போகலாம். இத்தகைய பணியைக் காணாத அளவுகோலை வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரிகள் ஆளெடுப்பதும் பதவி உயர்வு தருவதும் தவறு.

மேற்கோள் என்பது ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற்காலக் கட்டுரை ஒன்று தன் சான்றுப் பட்டியலில் குறிப்பிடுவது. அதை வைத்து அமெரிக்க இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்ததே எச்-இன்டெக்ஸ்: ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் பெற்றிருக்க, 21 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 21 முறை பெற்றிராவிட்டால், அவருடைய எண் 20. கணக்கிட எளிது என்பதால் வேகமாகப் பரவியது. ஆனால் அது எதை அளக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே பொருளைப் பற்றி உலகில் எத்தனை பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே அது அளக்கிறது. புற்றுநோயின் மூலக்கூறு உயிரியலில் எழுதுபவரைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். வயல்வேலையின்போது நேரும் பாம்புக்கடியையோ பூச்சிமருந்து நஞ்சையோ ஆராய்பவரைச் சுற்றி எழுதுபவர்கள் மிகக் குறைவு. புதுக்கோட்டை போன்ற வேளாண் மாவட்டத்துக்கு இவர்களில் இரண்டாமவர் எவ்வளவு அவசியமானவர் என்பதை எச்-இன்டெக்ஸ் சொல்லாது.

காலமும் இந்தக் கணக்கில் பிழைசெய்யும். காலரா உயிர்களைக் கொல்வது கிருமி சுரக்கும் நச்சுப்பொருளால்தான் என்பதைக் கொல்கத்தாவின் சம்பு நாத் டே முயல்களின் குடலில் சோதித்துக் காட்டி, 1959-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அதன் முக்கியத்துவம் நீண்ட காலம் உணரப்படவில்லை. இந்திய அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்காத நிலையில் 1985-இல் காலமானார். மேற்கோள் அட்டவணைகளை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டே மறு ஆண்டு டேயின் பங்களிப்பை விரிவாக எழுதினார்.

எண்ணிக்கையே இலக்கானால் நேர்வதைத் தமிழ்நாடு அண்மையில் கண்டது. சென்னையின் தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இளநிலை மாணவர்கள் தேர்வின் பகுதியாக எழுதும் கட்டுரைகள் பெருமளவில் அச்சேறி, அதே கல்லூரியின் பிற கட்டுரைகளை மேற்கோள் காட்டி, அதன் மதிப்பை உயர்த்துகின்றன என்று 2023-இல் அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழ் எழுதியது. புகார் ஒரு கல்லூரியைப் பற்றியது என்றாலும், பரிசளிக்கும் முறை எல்லோருக்கும் பொதுவானது. மருத்துவ ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு விதி கட்டுரைகளைக் கேட்கிறது. அவற்றில் பெயர் எந்த வரிசையில் நிற்கிறது என்பதும் பார்க்கப்படுகிறது. நாள் முழுதும் புறநோயாளிகளைப் பார்த்துவிட்டு வரும் மருத்துவருக்கு நேரமோ ஆய்வுக்கூட வசதியோ தராமல் கட்டுரை மட்டும் கேட்டால், பணம் வாங்கி எதையும் அச்சிடும் போலி இதழ்களே வளரும். திரும்பப்பெறப்பட்ட கட்டுரைகளுக்காக 2025-இல் கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில் மதிப்பெண் குறைக்க முற்பட்டது வரவேற்கத்தக்கது. எனினும் அது நோயின் வேரைத் தொடவில்லை.

எண்ணை ஒதுக்கிவிட்டால் சிபாரிசும் சாதியும் துறைத்தலைவரின் விருப்பும் அந்த இடத்தில் வந்து உட்காரும் என்ற அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. சிற்றூரிலிருந்து எவர் துணையும் இன்றி வந்த இளம் ஆய்வாளருக்கு அவருடைய மேற்கோள் எண்ணே ஒரே கவசமாக இருந்திருக்கலாம். ஆகவே எண்ணைத் தூக்கியெறியச் சொல்லவில்லை இத்தலையங்கம். தன்மேற்கோள்களைக் கழித்து, துறையின் அளவோடு ஒப்பிட்டு, சான்றுகளில் ஒன்றாக மட்டும் வைக்கச் சொல்கிறது. தீர்ப்பை வெளியூர் வல்லுநர்கள் அடங்கிய குழு எழுத்தில், காரணங்களோடு, விண்ணப்பித்தவரும் படிக்கும்படி தர வேண்டும்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் மாநில மருத்துவக் கல்வித் துறையும் இதைத் தொடங்கலாம். விண்ணப்பிப்பவர் தம் சிறந்த பணிகள் ஐந்தை மட்டும் முன்வைக்கட்டும். ஒவ்வொன்றிலும் தாம் செய்தது என்ன, அதனால் சிகிச்சையில் மாறியது என்ன என்று எழுதட்டும். நோய்ப் பதிவேடுகளைப் பல ஆண்டுகள் பிழையின்றிப் பேணியதும், ஒரு சிகிச்சை பலனளிக்கவில்லை என்று நேர்மையாக வெளியிட்டதும் பணியாகக் கணக்கில் வரட்டும். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் உருவான புற்றுநோய் நிறுவனம், பின்னாளில் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பேணியது. எத்தனையோ ஆய்வுகளுக்கு அடித்தளமாகும் இத்தகைய பதிவேட்டில் விவரம் சேர்ப்பவர்களுக்கு மேற்கோள் கிடைப்பது அரிது.

இன்னொரு கேள்வியும் அந்த விண்ணப்பத்தில் இடம்பெற வேண்டும். அரிமளம் போன்ற ஊர்களில் இரத்த மாதிரியும் குடும்ப விவரமும் கொடுப்பவர்களுக்கு ஆய்வின் முடிவு என்னவென்று தெரியும் வாய்ப்பு குறைவு. கட்டுரை ஆங்கிலத்தில் வெளியாகி, கட்டணச் சுவருக்குப் பின்னால் போய்விடுகிறது. மாதிரி தந்தவர்களுக்கு முடிவைத் தமிழில் விளக்கி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறிக்கை வைத்தாரா, உதவி தேவைப்பட்டவர்களைச் சிகிச்சைக்கு அனுப்பினாரா என்பதற்கு ஆய்வாளர் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் உண்டு என்று விதியிலேயே இருக்க வேண்டும்.