எழுத்தைக் கூட்டினால் சிக்கல் தீருமா?

பெசன்ட் நகரில் ஓர் இல்லத்தில் நடந்த பெயர் சூட்டும் வைபவத்திற்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். கடற்காற்று வீசும் மூன்றாம் மாடி. அகீகா இறைச்சி பங்கிடப்பட்டுவிட்டது. குழந்தையின் தலைமுடியும் மழிக்கப்பட்டுவிட்டது. பெயர் என்ன என்று வினவினோம். 'பைசல்' என்றார் இளந்தந்தை. உடனே உள்ளிருந்து பாட்டியாரின் குரல் எழுந்தது: "கோர்ட்டு வார்த்தையை யாராச்சும் பிள்ளைக்கு வைப்பாங்களா, வாப்பா? கணக்கு பைசலாயிடுச்சுன்னு சொல்வாங்களே, அதுதானே இது?" மகனாரோ, "இல்லேம்மா, அது அரபு நாட்டு ராஜா பேரு" என்று கூறிவிட்டு, ஒரு தாளை நம்மிடம் நீட்டினார். எண்கணிதம் பார்ப்பவர் எழுதிக் கொடுத்ததாம். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஏ' ஒன்றைக் கூட்டிக்கொண்டால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் சிக்கல்கள் தாமே தீர்ந்துவிடுமாம்!

பாட்டியார் சொன்னது சரி. மகனார் சொன்னதும் சரி. தவறு அந்தத் தாளில் இருந்தது.

ஃபஸல என்னும் அரபு வினைக்குப் பிரித்தான், வேறுபடுத்தினான் என்பது பொருள். கலந்து கிடக்கும் வழக்கில் மெய்யையும் பொய்யையும் பிரித்துத் தீர்ப்பவன் ஃபைஸல். 1964 முதல் 1975 வரை சவூதி அரேபியாவை ஆண்ட மன்னரின் பெயரும் அதுவே. பாரசீகம், உருது வழியாகக் கச்சேரிகளில் நுழைந்து, தமிழன் நாவில் 'பைசல்' ஆனதும் அதுவே. இவ்வேரின் கிளைகளை இன்னும் கேளுங்கள். பருவம் பருவமாகக் காலத்தைப் பிரிப்பது ஃபஸ்ல். அதிலிருந்து பிறந்ததுதான் அக்பர் காலத்து வருவாய்க் கணக்கான பசலி. இன்றும் நம் தாசில்தார் அலுவலகங்களில் ஜூலை முதல் நாளன்று புதுப்பசலி பிறக்கிறது. 2023 ஜூலையில் பிறந்தது பசலி 1433. பகுத்து விவரிப்பது தஃப்ஸீல். கிரயப் பத்திரத்தின் அடியில் சொத்தின் நான்கெல்லையும் குறிக்கும் 'தபசில்' அதுவன்றி வேறென்ன? முஸ்லிமல்லாத உழவரும் நாள்தோறும் வழங்கும் சொற்கள் இவை. பிள்ளைக்கு அப்பெயரை இடும் நாமோ அதன் பொருளை அறியோம்!

அரபு மொழியில் சிக்கல் என்பதே ஒரு முடிச்சு. தீர்வு என்பது அதை அவிழ்ப்பது. அக்து கட்டுதல், ஹல் அவிழ்த்தல். நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு மூஸா நபி (அலை) வேண்டிய துஆவிலும் இவ்விரு சொற்களே இணைந்து நிற்கின்றன. கட்டவிழ்க்கப்பட்டது ஹலால். பயணி சுமையின் கட்டை அவிழ்த்து இறங்கும் இடம் மஹல்லா, மஹாலும் அவ்வாறே. கட்டவிழ்க்கும் இடத்திற்குப் போய் நிகாஹ் முடிச்சைக் கட்டிக்கொள்கிறோம் என்று நாம் மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மூத்ததாகிய, 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரம் மசலா'வின் பெயரிலேயே வினாவும் சிக்கலும் ஒருசேர உறைகின்றன. மசலா என்றால் விடை வேண்டி நிற்கும் கேள்வி.

எண்கணிதத்தை ஆதரிப்போர் ஒரு நபிமொழியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஹுதைபிய்யாவில் குறைஷிகளின் தூதராக சுஹைல் வந்தபோது, இனிக் காரியம் எளிதாயிற்று என்று அண்ணலார் (ஸல்) கூறினார்களே. சுஹைல் என்பது எளிமையைக் குறிக்கும் சொல்லாயிற்றே. ஆகவே பெயருக்கு ஆற்றல் உண்டென்பார்கள். நல்ல பெயர் கேட்டு நல்லதை நம்புவது வேறு. பெயரே காரியத்தை முடிக்கும் என்று கைகட்டியிருப்பது வேறு. அந்த சுஹைல் எளிதாகவா நடந்துகொண்டார்? உடன்படிக்கையில் 'அல்லாஹ்வின் தூதர்' என்று எழுதவே கூடாதென்று அடம் பிடித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அச்சொல்லை அழிக்கச் செய்து, 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது' என எழுதச் செய்தார்கள். கி.பி. 628இல் அச்சிக்கலை அவிழ்த்தது சுஹைலின் பெயரன்று. தம் பெயரோடு சேர்ந்த சிறப்பையே விட்டுக்கொடுத்த பெருமானாரின் பொறுமை. எழுத்தைக் கூட்டினால் காரியம் முடியும் என்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். அங்கே எழுத்தைக் குறைத்தல்லவா காரியம் முடிந்தது!

பொருளறியாது பெயர் வழங்குவோர் நாம் மட்டுமல்லர். பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட் அம்மையாரின் குடும்பப் பெயர், பைஸாந்தியப் பொற்காசைக் குறிக்கும் பழஞ்சொல். சிலுவைப் போர்க்காலத்தில் முஸ்லிம்களின் தீனாரைப் பார்த்து அரபு எழுத்துடனேயே ஐரோப்பியர் அடித்த காசுக்கும் அதே பெயர் வழங்கிற்று. அந்நகரில் வசிப்போருள் எத்தனை பேர் இதை அறிவர்? ஆனால் ஊர்ப் பெயரை அறியாமல் வாழ்ந்துவிடலாம். தன் பெயரையே அறியாத பிள்ளையை என்னென்பது?

குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. ஆலிம்களாகிய நாம் குழந்தையின் காதில் பாங்கும் இகாமத்தும் சொல்கிறோம், பெயரை ஓதுகிறோம், விருந்துண்டு எழுந்துவிடுகிறோம். பொருளை எடுத்துரைக்கக் கால் மணி நேரம் ஆகுமா? உரைக்காததன் விளைவை நாள்தோறும் காண்கிறோம். அப்துல் ஃபத்தாஹ் என்று பெயரிட்டவரை அலுவலகத்தார் 'அப்துல்' என்கிறார்கள்; அது 'இன்னாரின் அடிமை' என்று சொல்லவந்து பாதியில் அறுந்து தொங்கும் சொல். வீட்டாரோ 'ஃபத்தாஹ்' என்று மட்டும் அழைக்கிறார்கள்; அடைபட்ட வாயில்களைத் திறப்பவன், வழக்குகளைத் தீர்ப்பவன் என்னும் இறைவனின் திருநாமத்தை அடியானுக்குச் சூட்டிவிடுகிறார்கள். அலுவலகத்தாரை நாம் குறைகூறவில்லை. அவர்களுக்கு யார் சொன்னார்கள்? பெற்றவர்களே சொல்லவில்லையே!

அன்று அந்த மாடியில் இவற்றுள் சிலவற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்தோம். இளந்தந்தை தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், கிழிக்கவில்லை. பாட்டியார்தாம் கதவோரம் வந்து நின்று கேட்டார்: "அப்போ எங்க வீட்டுப் பத்திரத்துல இருக்கிற தபசில் என் பேரனுக்குச் சொந்தக்காரனா, ஹஜ்ரத்?"