தடா அருவிக்குப் போறீங்களா? உஷார்!

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும். சென்னையில் இருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் பறக்கின்றன. வண்டிக்கு இரண்டு பேர். முதுகில் பை. பைக்குள் பிரியாணிப் பொட்டலம். "எங்கேப்பா பயணம்?" என்றால், "தடா பால்ஸ்!" என்று பதில் வருகிறது.

போகட்டும். தப்பில்லை. வாரம் ஆறு நாள் ஆபீசிலும் பட்டறையிலும் வெந்து தணிகிற வாலிபர்களுக்கு, ஒரு நாளாவது மலையையும் குளிர்ந்த தண்ணீரையும் பார்க்க ஆசை இருக்காதா?

ஆனால் போன பிள்ளை பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். அந்த ஓடையில் சென்னை வாலிபர்கள் மூழ்கிப் பலியானது ஒரு முறை இரு முறை அல்ல. ஒவ்வொரு முறையும் நாலு நாள் பேச்சு. ஐந்தாம் நாள் மறதி!

பெயரே எச்சரிக்கை

தடா அருவி தடாவில் இல்லை. தடாவில் மேற்கே திரும்பி, வரதய்யபாளையம் தாண்டி, காட்டுக்குள் போக வேண்டும். ஆந்திராவின் திருப்பதி மாவட்டம் அது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அருவிக்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் உப்பலமடுகு. தெலுங்கில் மடுகு என்றால் தண்ணீர் தேங்கி நிற்கும் குட்டை. தமிழில் ஆற்றுப் பள்ளத்தை மடு என்று சொல்வது போலத்தான். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. யார் கவனிக்கிறார்கள்?

வண்டியை நிறுத்திய பிறகு ஓடைதான் வழிகாட்டி. இரண்டு பக்கமும் மலை. நடுவே ஆள் உயரப் பாறைகள். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாறி மாறித் தாண்ட வேண்டும். அருவியை நெருங்க நெருங்க, பாறை மேல் கை ஊன்றி ஏறித்தான் போக முடியும்.

எமன் எங்கே இருக்கிறான்?

முதல் எமன், மடு. கரையோரம் முழங்கால் தண்ணீர். இரண்டு அடி எடுத்து வைத்தால் தலைக்கு மேல்! பல காலமாக வெள்ளமும் உருளும் கற்களும் பாறையைக் குடைந்த குழி அது. நீச்சல் குளம் போலச் சரிவாக இறங்காது. கிணறு போல விழும். அருவி கொட்டும் இடத்தில் தண்ணீர் நுரையாக இருக்கும். நுரையில் உடம்பு மிதக்காது. நீச்சல் தெரிந்தவனும் அங்கே திணறுவான்.

இரண்டாவது, பாசி. ஈரப் பாறையில் செருப்புக் கால் நிற்காது. தலை பாறையில் மோதி, மயங்கித் தண்ணீரில் விழுந்தவன் கத்தக்கூட மாட்டான். பாட்டிலோடு போனவன் கதையைச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத மழை. தலைக்கு மேலே வெயில் அடிக்கும். மலை உச்சியில் மழை கொட்டும். சற்று நேரத்தில் அத்தனை தண்ணீரும் இந்த இடுக்கில் பாயும். 2024 மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் பலியானதை ஊரே பார்த்தது. ரோடும் கூட்டமும் உள்ள குற்றாலத்திலேயே அந்தக் கதி. காட்டு ஓடையில் கேட்க ஆள் ஏது?

தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், ஒரு நிமிஷம் நிற்கக்கூடாது. பையை விட்டுவிட்டு மேட்டில் ஏற வேண்டும். ஓடை வழியே கீழே ஓடினால் வெள்ளம் முந்திக்கொள்ளும்.

ஒன்று போய் இரண்டு

இதைவிடப் பரிதாபம் ஒன்று உண்டு. ஒருவன் மூழ்குகிறான். "மச்சான்!" என்று அலறிக்கொண்டு அடுத்தவன் குதிக்கிறான். மூழ்குகிறவன் இவன் கழுத்தைக் கட்டிப் பிடிக்கிறான். இரண்டு பேரும் உள்ளே! நட்பு பெரிதுதான். ஆனால் குதிப்பதல்ல உதவி. கயிற்றை வீசு. கயிறு இல்லையா? வேட்டியை முறுக்கி வீசு. நீளமான கொம்பை நீட்டு. மூடிய காலி கேனைத் தூக்கிப் போடு. பத்து ரூபாய்க் கேன் ஒரு உயிரைக் காப்பாற்றும்!

செல்போனை நம்பிப் போகாதீர்கள். மலை இடுக்கில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். 108-க்குச் சொன்னாலும் ஆம்புலன்ஸ் பாறை மேல் ஏறி வராது. அடிபட்டவனை ஆட்கள் தூக்கித்தான் வர வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பிற்பகல் 2 மணிக்கு அருவி கண்ணில் படாவிட்டாலும் திரும்பிவிடுங்கள். மலை நடுவே சீக்கிரம் இருட்டும்.

அதிகாரிகள் கவனத்துக்கு

வாலிபர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. போகிறவர்கள் தமிழ்நாடு, ஓடை ஆந்திரா. உடலைத் தேடுவது அந்த ஊர்ப் போலீஸ். மார்பில் அடித்துக்கொண்டு அழுவது இந்த ஊர்த் தாய். இடையில் யார் பொறுப்பு?

குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் காட்டுத்தீக்கு 20-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகுதான், தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதி போட்டது. 2024-ல் 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு அனுப்பும் திட்டமும் வந்தது. உயிர் போன பிறகு வந்த புத்தி. தடாவுக்கும் அது வர வேண்டும்.

நுழைவுக் கட்டணம் வாங்கினால் போதாது. காலையில் உள்ளே போனவர்கள் எத்தனை பேர், மாலையில் வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு வேண்டும். ஆழமான மடு ஒவ்வொன்றிலும் தெலுங்கிலும் தமிழிலும் பெரிய எழுத்தில் போர்டு வேண்டும். பக்கத்தில் கயிறும் மிதவையும் தொங்க வேண்டும். பக்கத்துக் கிராமத்து இளைஞர்களுக்கு எந்தப் பாறை வழுக்கும், எந்த மடு விழுங்கும் என்று தெரியும். கூலி கொடுத்து அவர்களை வழிகாட்டியாகப் போடலாம். அவர்களுக்குப் பிழைப்பு, இவர்களுக்கு உயிர். மலையில் மழை என்றால் அன்று வாசலைப் பூட்ட வேண்டும். இரண்டு மாநில அதிகாரிகளும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம்தான் இது!

அருவி எங்கும் ஓடிப் போகாது. இந்த வாரம் மழை என்றால் அடுத்த வாரம் போகலாம். போன உயிர் எந்த வாரமும் வராது!