விலைக்கு வாங்கலாமா ஆராய்ச்சியை?

கல்லூரியில் உளவியல் படிக்கும் பிள்ளைகள், கடைசி ஆண்டில் ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டும். பல கல்லூரிகளில் அது பாடத்திலேயே சேர்ந்தது. "புராஜெக்ட்" என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

உளவியல் என்றால் என்ன? மனிதன் எப்படி நினைக்கிறான், எதற்குப் பயப்படுகிறான், எதை மறக்கிறான் என்று ஆராயும் படிப்பு. முன்பு இதை "மனோதத்துவம்" என்றார்கள்.

இந்த ஆராய்ச்சியைச் சிலர் வெறும் சடங்காக நினைக்கிறார்கள். பணம் கொடுத்து எழுதி வாங்குகிறவர்கள் உண்டு. பத்துக் கேள்விகளைச் செல்போனில் சிநேகிதர்களுக்கு அனுப்பி, வந்த பதிலைக் கூட்டிக் கழித்து, அட்டை போட்டுக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு.

இது சரியல்ல. சொந்த ஊரில், சொந்தப் பேச்சில், நேரில் போய்க் கேட்க வேண்டும். அதுதான் ஆராய்ச்சி.

கரும்பு விவசாயிகள்

உலகம் பேசிய ஓர் ஆராய்ச்சி, நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான் நடந்தது.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்பட நான்கு பேர் அதைச் செய்தார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள். 464 கரும்பு விவசாயிகள். முடிவு 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் "சயன்ஸ்" இதழில் வெளிவந்தது.

கேள்வி சிறியது. அறுவடைக்கு முன் கையில் பணம் இல்லை. அறுவடைக்குப் பின் பணம் இருக்கிறது. ஒரே மனிதனின் யோசனை இந்த இரண்டு சமயத்திலும் ஒன்றுபோல் இருக்குமா?

எப்படிச் சோதித்தார்கள்? "5 5 5" என்று காட்டுவார்கள். எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்பார்கள். "மூன்று" என்பதே சரியான பதில். ஆனால் வாய் "ஐந்து" என்று சொல்லத் துடிக்கும்! அதை அடக்க நிதானம் வேண்டும்.

மேல்நாட்டில் இதே சோதனையை எழுத்துக்களை வைத்துச் செய்வார்கள். இங்கே பலருக்கு எழுத்துப் பழக்கம் குறைவு. ஆகவே எண்களை வைத்துச் செய்தார்கள். ஆளுக்குத் தக்கபடி சோதனையை மாற்றினார்கள்.

அறுவடைக்குப் பிறகு விவசாயிகள் செய்த தவறுகள் குறைந்தன. அவர்களுடைய புத்தி கூடிவிடவில்லை. முன்பு அந்தப் புத்தியைக் கவலை தின்றுகொண்டிருந்தது என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

"இரண்டாவது தடவை என்பதால் பழகியிருக்கும்" என்று யாராவது சொல்லலாம் அல்லவா? அதற்காகவே சில விவசாயிகளை அறுவடைக்குப் பிறகு மட்டும் சந்தித்துச் சரிபார்த்தார்கள். அப்படியும் அவர்களுடைய கணக்கைப் பற்றிப் பிறகு விவாதம் நடந்தது. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான். யாரும் கேள்வி கேட்கலாம்!

கோவில்பட்டியில் என்ன கேட்கலாம்?

கோவில்பட்டி என்றால் தீப்பெட்டி, கடலை மிட்டாய். சுற்றிலும் கரிசல் காடு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பிழைக்கும் மானாவாரி நிலம்.

இங்கே கேள்விக்குப் பஞ்சமா? வாரக் கூலி வாங்கும் பெண்களைக் கூலி நாளுக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை சந்திக்கலாம். அதே எண் சோதனையைச் செய்யலாம். முப்பது பேர் போதும். நான்கு மாதத்தில் முடித்துவிடலாம்.

அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இப்படிப் பார்த்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை என்று 2016இல் எழுதினார்கள். நம் ஊரில் எப்படி? கேட்டால்தானே தெரியும்!

ஊர்ப் பேச்சு

"உங்களுக்கு மன அழுத்தம் உண்டா?" என்று தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். விழிப்பார். "மனசு பாரமா இருக்கா? ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேளுங்கள். மடை திறந்ததுபோல் பேசுவார்.

மேல்நாட்டுக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்த்தால் பதிலும் தப்பாகவே வரும். ஒருவர் தமிழாக்க வேண்டும். இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கேள்வி சரி.

முதலாளியோ கணக்குப்பிள்ளையோ பக்கத்தில் நிற்கும்போது கேட்கக் கூடாது. "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும்!

மறுக்க உரிமை உண்டு

பதில் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. எதற்காகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். பாதியில் எழுந்து போனாலும் கோபிக்கக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால், பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

பெயரை எழுதாமல் விட்டால் மட்டும் போதாது. சிறிய ஊரில் தெருவையும் தொழிலையும் எழுதினாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

கேட்கும்போது ஒருவர் கண் கலங்கினால் கேள்வியை நிறுத்திவிட வேண்டும். மாணவி டாக்டர் அல்ல. அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416. அதைச் சொல்லி வரலாம்.

பொய் வேண்டாம்

வித்தியாசம் தெரியவில்லையா? "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான். அதற்காக மார்க்கைக் குறைக்கலாகாது. முப்பது பேரிடம் கேட்டுவிட்டு, "கோவில்பட்டிப் பெண்கள் இப்படித்தான்" என்று எழுதுவதும் பொய்யே.

பெற்றோர்களே! உங்கள் மகள் கையில் தாளோடு வீடு வீடாகப் போகிறாளா? "ஊர் வம்பு நமக்கு எதற்கு?" என்று தடுக்காதீர்கள். துணைக்கு வேண்டுமானால் ஒருவரை அனுப்புங்கள். கேள்வி கேட்கும்போது மட்டும் அவர் தள்ளி இருக்கட்டும்.

நாளைக்கு அவள் பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ வேலைக்குப் போவாள். மனம் நொந்தவர்கள் அவள் முன் வந்து உட்காருவார்கள். அவர்கள் சொல்வதை அவள் பொறுமையாகக் கேட்க வேண்டும். உள்ளபடி எழுத வேண்டும். அந்தப் பழக்கம் இந்த நான்கு மாதத்தில்தான் வரும்.

அதைக் கடையில் வாங்க முடியாது!