பள்ளியின் கதவும் காதும் திறக்கட்டும்!

2023 டிசம்பர் 1ஆம் தேதி காலையில், பெங்களூரில் 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சலில் வந்தது. பிள்ளைகளை வகுப்புகளிலிருந்து வெளியேற்றினார்கள். பெற்றோர்கள் போட்டது போட்டபடி பள்ளி வாசல்களுக்கு ஓடினார்கள். சோதனையில் குண்டு ஏதும் கிடைக்கவில்லை. மிரட்டல் பொய் என்று தெரிந்ததும் ஊரே பெருமூச்சு விட்டது. அத்தோடு விஷயம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள்.

முடியவில்லை, தோழர்களே! அன்று வந்தது பொய். நாளை ஒரு மின்கசிவு மெய்யாகவே வந்தால்? மர்பி டவுனிலும் அல்சூரிலும் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் எந்த வகுப்பு எந்தப் படிக்கட்டில் இறங்கவேண்டும், எங்கே கூடவேண்டும், தலைகளை எண்ணுவது யார், பின்வாசல் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது? இவற்றைப் பள்ளியில் போய்க் கேட்ட பெற்றோர் எத்தனை பேர்?

இந்த ஊருக்கு இது புதிய பாடம் அல்ல. 1981 பிப்ரவரி 7ஆம் தேதி இதே பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றியபோது 90-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, பெரும்பாலோர் குழந்தைகள். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பிடித்த தீ மாடியின் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகளைப் பலிகொண்டது. தீ வந்தது ஒரு நொடியில். ஆனால் கீற்றுக் கூரையும் குறுகிய படிக்கட்டும் அன்று காலையில் முளைத்தவை அல்ல. தினந்தோறும் எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தவை. அந்தக் கொடுமையை ஒட்டி நடந்த பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது குழந்தையின் உரிமை என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயணைப்புக் கருவிகளும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கட்டாயம் என்றது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. நம் பள்ளியில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டியவர்கள் நாம்.

பள்ளியில் நம் பிள்ளைக்கு வரும் ஆபத்து தீ ஒன்றுதானா? சாதியைச் சொல்லி இழிவு, மொழியைச் சொல்லிக் கேலி, அப்பன் செய்யும் வேலையைச் சொல்லி ஏளனம், மிரட்டிப் பணம் பிடுங்குதல் என்று சக மாணவர் கொடுமைக்குப் பல முகங்கள் உண்டு. “பிள்ளைகள் விளையாட்டு” என்று பெரியவர்கள் தள்ளிவிடுகிறார்கள். பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போடத் தொடங்குகிறான். நாம் அவனைச் சோம்பேறி என்று திட்டுகிறோம்.

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஒரு தலித் மாணவன், உடன்படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். காரணம் கேட்ட பள்ளியிடம் உள்ளதைச் சொன்னான். அந்த மாணவர்களே வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகே ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கையும் தந்தது.

அந்தப் பிள்ளை செய்யவேண்டியதைச் செய்தான், வாய் திறந்தான். வாய் திறந்தவனைக் காக்கத்தான் ஏற்பாடு இல்லை. புகாரைக் கேட்டுவிட்டு, புகார் சொன்னவனைத் தனியே வீட்டுக்கு அனுப்புவது, ஆபத்து மணியை அடித்துவிட்டுக் கதவைப் பூட்டியே வைப்பதற்குச் சமம்.

இதை யாரும் மொழிச் சண்டையாக்க வேண்டாம். அடிபடுகிறவனும் அடிக்கிறவனும் பெரும்பாலும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளே. தமிழ்ப் பிள்ளை கன்னடப் பிள்ளையைக் கேலி செய்தாலும் நியாயம் ஒன்றுதான். அடித்தவனைத் திருத்துவதும் பள்ளியின் கடமை, டி.சி. கொடுத்துத் துரத்துவது, தொல்லையை அடுத்த பள்ளிக்கு மாற்றுவதே ஆகும்.

சட்டம் நம் கையில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், 17ஆம் பிரிவில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் பள்ளிக்குத் தடை செய்கிறது. 32ஆம் பிரிவின்படி அச்சட்டம் தரும் உரிமைகள் பற்றிய குறையை யார் வேண்டுமானாலும் உள்ளாட்சி அதிகாரத்திடம் எழுத்து மூலம் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

எழுத்து மூலம் என்ற சொல்லைக் கவனியுங்கள். இரயில் நிலையங்களில் நெடுங்காலம் ஒரு புகார்ப் புத்தகம் இருந்தது. பயணி எழுதியதன் நகல் ஒன்று அவர் கைக்கே வரும். அதனால் “அப்படி ஒரு புகாரே வரவில்லை” என்று எந்த அதிகாரியும் கைவிரிக்க முடியாது. வாயால் சொன்னது காற்றோடு போகும். தேதியும் கையெழுத்தும் உள்ள காகிதம் நிற்கும். டிக்கெட் வாங்கிய பயணிக்கு இருந்த அந்த உரிமை பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு வேண்டாமா?

ஆகவே பள்ளி நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இவைதான்:

1. ஒவ்வொரு பள்ளியிலும் புகார்ப் புத்தகம் இருக்கட்டும். எழுதியவருக்கு நகல் தரட்டும்.

2. புகார் சொன்ன பிள்ளை வீட்டுக்குப் போகும் வழிவரை பாதுகாப்புக்கு ஒரு ஆசிரியர் பொறுப்பேற்கட்டும்.

3. போட்டோவுக்காக அல்லாமல், முன்னறிவிப்பின்றி ஆபத்துக்கால ஒத்திகை நடக்கட்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகளும் நடக்க முடியாத பிள்ளைகளும் அதில் சேரட்டும். எத்தனை நிமிடத்தில் கட்டடம் காலியானது என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லட்டும்.

4. பள்ளி நேரத்தில் எந்த வெளிவாசலும் உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டப்படக் கூடாது.

தாய்மார்களே, ஒருவராகப் போனால் வாட்ச்மேனே திருப்பி அனுப்புவார். பத்துப் பேராகப் போங்கள். அரசுப் பள்ளியானால் எஸ்.டி.எம்.சி. கூட்டத்தில் பேசுங்கள், அதில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது. எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம். கன்னடத்தில் மனு எழுதித் தரச் சங்கத் தோழர்கள் இருக்கிறார்கள். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, தீயணைப்புக்கு 101, எல்லா ஆபத்துக்கும் 112. இவற்றைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்யுங்கள்.

கூலியில் மிச்சம் பிடித்து ஃபீஸ் கட்டுகிறோம். காலையில் அனுப்பிய பிள்ளை மாலையில் முழுசாகத் திரும்பி வரவேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல, உரிமை. அதை இந்த மாதமே கேட்போம்!